வீட்டுத் தளமா, தரகரா: எதை எதற்கு நம்புவது

வீடு தேடத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இணையத்தில் பார்ப்பதை நம்பலாமா, அல்லது உள்ளூர்த் தரகரிடம் போவதுதான் பத்திரமா? நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள். சில ஆண்டுகள் ஒரு வீட்டு விளம்பரத் தளத்தில் விளம்பரங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். அப்புறம் ஒரு தரகு அலுவலகத்தில் வீடு காட்டும் வேலை. அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வது இது: தளத்தில் அப்பட்டமான பொய் குறைவு, காலாவதியான தகவல்தான் அதிகம். தரகரிடமும் பொய் குறைவு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம். நோய் வேறு வேறு என்பதால் மருந்தும் வேறு. தளத்தைப் பார்க்கும்போது தேதியைச் சோதிக்க வேண்டும். தரகரிடம் பேசும்போது குறிப்பான கேள்வி கேட்க வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

'வீட்டுத் தளம்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. அமெரிக்காவில் தரகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல்கள் உண்டு. எம்.எல்.எஸ். என்பார்கள். வட்டாரத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பொதுமக்கள் பார்க்கும் பெரிய தளங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தகவலை எடுக்கின்றன. அதில் ஒரு வீடு விற்றுவிட்டால் தரகர் அதைப் பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரும். அதனால் அங்கே தகவல் ஓரளவு புதிதாகவே இருக்கும். நெதர்லாந்தின் ஃபுண்டா தளத்தை 2001இல் தொடங்கியதே தரகர் சங்கம்தான். ஜப்பானில் ரெயின்ஸ் என்ற பொதுப் பட்டியலைத் தரகர்கள் மட்டுமே பார்க்க முடியும். பொதுமக்கள் பார்க்கும் தளங்களில் இருப்பது தனி விளம்பரம்.

இந்தியா போன்ற நாடுகளில் இப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. யார் வேண்டுமானாலும் பதிவு போடலாம். அதனால் ஒரே வீடு ஐந்து பேர் பெயரில் ஐந்து விலையில் வந்து நிற்கும். இது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டுக்காரர் ஐந்து தரகரிடம் சொல்லி வைத்திருப்பார், ஐந்து பேரும் தங்கள் கமிஷனைக் கணக்குப் போட்டு விலை எழுதியிருப்பார்கள்.

ஆகவே ஒரு தளத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பதிவைப் போட்டவர் வீட்டுக்காரரா, தரகரா, கட்டுநரா என்பதை. 'உரிமையாளர்' என்று எழுதியிருந்தாலும் அந்த எண்ணைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். அதே எண்ணில் இன்னும் பத்து வீடு வந்தால் அவர் உரிமையாளர் இல்லை.

'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சை முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் அந்த முத்திரைக்கு அர்த்தம், பதிவிட்டவருடைய கைபேசிக்கு அனுப்பிய ஓ.டி.பி.யை அவர் சரியாக உள்ளிட்டார் என்பது மட்டும்தான். வீட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை, பத்திரத்தை யாரும் படிக்கவில்லை. சில தளங்கள் ஆள் அனுப்பிப் படம் எடுக்கின்றன. சில தளங்கள் ஆவணம் கேட்கின்றன. எதைச் சரிபார்த்தார்கள் என்று தளத்தின் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஐந்து நிமிடம் செலவழித்து அதைப் படியுங்கள்.

தேதிதான் முக்கியம்

போய்விட்ட வீட்டின் விளம்பரம் ஏன் நீக்கப்படுவதில்லை? நீக்குவதால் யாருக்கும் லாபமில்லை. நல்ல விலையில், நல்ல படங்களோடு இருக்கும் பதிவுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 'அது போன வாரம்தான் போச்சு, ஆனா அதே மாதிரி இன்னொன்று இருக்கு' என்று சொல்லித் தரகர் தன் வேறு வீடுகளைக் காட்டலாம். தளத்துக்கும் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவது நல்லது. 'இந்த வீடு இன்னும் இருக்கிறதா?' என்று எங்கள் பிரிவிலிருந்து தானியங்கிச் செய்தி போகும். ஆம் என்று ஒரு தட்டு தட்டினால் பதிவு மறுபடியும் புதிதுபோல மேலே வந்துவிடும்.

இதனால்தான் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்ற வரியை நான் நம்புவதே இல்லை. எனக்கு வேண்டியது முதலில் போட்ட தேதி. அதைத் தளம் காட்டாவிட்டால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். விளக்கத்தில் கொஞ்சம் விசித்திரமான, வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு வாக்கியம் எப்படியும் இருக்கும். அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பழைய பிரதிகள், வேறு தளங்களில் வேறு விலையில் போட்டது எல்லாம் வெளியே வரும். படங்களையும் தலைகீழ்ப் படத் தேடலில், அதாவது ஒரு படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் தேடலில், போட்டுப் பாருங்கள். விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் படங்களை எடுத்து, வேறு யாரோ மலிவு வாடகைக்கு விளம்பரம் போடுவது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. வீட்டை உள்ளே போய்ப் பார்க்கும் முன்னால் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பார்கள். காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

நாள் கணக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வீடு வெகுநாள் விற்காமல் கிடந்தால் வாங்குகிறவர் பேரம் பேசுவார். அதைத் தவிர்க்கச் சிலர் பதிவை எடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துப் புதிதாகப் போடுவார்கள், கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே வழி ஸ்கிரீன்ஷாட். பிடித்த வீடு ஒவ்வொன்றையும் பார்த்த அன்றே படம் பிடித்து, விலையும் தேதியும் தெரியும்படி ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்புறை எந்தத் தரகருக்கும் தெரியாத வரலாற்றை உங்கள் கையில் கொடுக்கும்: எது இறங்கியது, எது காணாமல் போய்த் திரும்பி வந்தது, எது இரண்டே நாளில் போனது.

போனில் கேட்கும் விதமும் முக்கியம். 'வீடு இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு, வாங்க' என்றுதான் பதில் வரும். 'நாளைக் காலை பத்து மணிக்கு அந்த வீட்டையே, படத்தில் இருப்பதையே, உள்ளே போய்ப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். வீடு இல்லாவிட்டால் இந்தக் கேள்வியில் தெரிந்துவிடும். ஒரே ஆள் இரண்டு முறை 'அது போச்சு, வேற ஒன்று இருக்கு' என்று சொன்னால் அந்த எண்ணை நான் ஒதுக்கிவிடுவேன்.

தளம் சொல்லும் 'மதிப்பு'

சில தளங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தாமே ஒரு மதிப்பைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. இதில் மிகப் பிரபலமானது அமெரிக்காவின் ஜில்லோ தளம் 2006இல் கொண்டுவந்த ஜெஸ்டிமேட். தன் பிழை அளவை அந்த நிறுவனமே வெளியிடுகிறது, அது பாராட்ட வேண்டிய விஷயம். விற்பனைக்கு வந்திருக்கும் வீடுகளில் நடுநிலைப் பிழை சுமார் 2 சதவீதம். விற்பனைக்கு வராத வீடுகளில் சுமார் 7 சதவீதம். நடுநிலைப் பிழை என்றால் பாதி வீடுகளில் அதைவிடக் குறைவு, மீதிப் பாதியில் அதைவிட அதிகம். இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று யோசித்தால் உண்மை விளங்கும். வீடு விற்பனைக்கு வந்ததும் விற்பவர் கேட்கும் விலையும் கணக்குக்குள் போய்விடுகிறது. அதாவது கணினி தானாகக் கண்டுபிடித்ததில் ஒரு பங்கு, விற்பவர் சொன்னதன் எதிரொலி. கேட்கும் விலை நியாயமானதா என்று பார்க்க அந்த மதிப்பை எடுத்துக்கொண்டால், விற்பவரைக் கொண்டே விற்பவரைச் சோதிக்கிறோம்.

இது எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜில்லோவின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016இல் சியாட்டிலில் தன் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவருடைய தளமே அதற்குக் காட்டிய மதிப்பு 17.5 லட்சம் டாலர். இன்னொன்றும் உண்டு. அதே நிறுவனம் 2018இல் தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. விலை எப்படிப் போகும் என்று கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. அவ்வளவு தரவும் அவ்வளவு நிபுணர்களும் இருந்த இடத்திலேயே இதுதான் நிலைமை.

வீட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. சமையலறையைப் புதுப்பித்ததும் சுவரில் ஈரம் ஏறியிருப்பதும் அதற்கு ஒன்றுதான். ஒரே மாதிரி அடுக்குமாடி வீடுகள் நிறைய இருக்கும் இடத்தில் கணிப்பு பரவாயில்லை. தனி வீடுகள், பழைய வீடுகள், விற்பனையே அரிதாக நடக்கும் தெருக்களில் அது வெறும் ஊகம். நான் அதை ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்துவேன்: ஒரு வட்டாரத்தில் விலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற போக்கைப் பார்ப்பதற்கு.

இதைவிட நம்பகமானது உண்மையில் விற்ற விலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதலான விற்பனை விலைகளை நிலப் பதிவேடு வெளியிடுகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அமெரிக்காவிலேயே டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் விற்ற விலையை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் உள்ள இடங்களில் பதிவேட்டு எண்ணும் உண்மை விலை ஆகாது. இந்த மாதிரி இடங்களில்தான் தரகருடைய தலைக்குள் இருக்கும் கணக்கு விலைமதிப்பற்றது. அடுத்த தெருவில் போன மாதம் எந்த வீடு எவ்வளவுக்கு முடிந்தது என்று அவருக்குத் தெரியும், வேறு எங்கும் எழுதியிருக்காது.

தரகர் யாருடைய ஆள்?

தரகரிடம் போகும் முன் அவருடைய கூலி எப்படிக் கணக்காகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டைவிட ஏறக்குறைய 9.5 நாள் அதிகமாகக் காத்திருந்தார்கள், 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றார்கள். காரணம் கெட்ட மனம் இல்லை. இன்னும் ஒரு வாரம் காத்திருந்து விலை ஏறினால் அந்தக் கூடுதலில் தரகருக்குக் கிடைப்பது சிறு துண்டு. அந்த ஒரு வார அலைச்சலோ முழுக்க அவருடையது. அதனால் சீக்கிரம் முடிப்பதுதான் அவருக்கு நல்லது. வாங்குகிற உங்களுக்கும் இதே கணக்குதான் பொருந்தும்: 'இதை விட்டா கிடைக்காது' என்று அவர் சொல்லும்போது அவசரம் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்கலாம்: 'உங்களுக்குக் கமிஷன் யார் தருகிறார்கள்? இரண்டு பக்கமும் வாங்குவீர்களா?' இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, நல்ல தரகர் தயங்காமல் சொல்வார். அமெரிக்காவில் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவருக்காக வேலை செய்யும் தரகர் வீடு காட்டும் முன்பே கூலியைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. உங்கள் ஊரில் விதி இல்லாவிட்டாலும் ஒரு குறுஞ்செய்தியில் அதை எழுதி வாங்கிக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

தரகர் சொல்லாமல் விட்டுவிடுவதைத் தடுக்கச் சில நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. ஜப்பானில் ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்ற நிபுணர் முக்கிய விவரங்கள் அனைத்தையும் எழுத்தில் கொடுத்து விளக்கியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2017 முதல், விலையைக் குறைத்துச் சொல்லி ஆள் சேர்ப்பதைத் தடுக்க, ஒப்பிடத்தக்க விற்பனைகளோடு தரகர் ஒரு விலைத் தகவல் அறிக்கை கொடுக்க வேண்டும். இந்தியாவில் வீட்டு விற்பனைத் துறையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு ரேரா சட்டத்தின்படி, பதிவு செய்த திட்டங்களில் வீடு விற்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பரப்பளவை கார்ப்பெட் ஏரியா கணக்கில், அதாவது வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைக் கணக்கில், சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தளத்தில் பெரிய எண் போட்டிருந்தால் அது எந்தப் பரப்பளவு என்று கேளுங்கள். சுவரையும் மாடிப்படியையும் பொதுவழியையும் சேர்த்த கணக்குக்கும், நீங்கள் நடக்கும் தரைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

விட்டதைச் சொல்ல வைக்கும் கேள்விகள்

நான் இந்தக் கட்டுரை எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான். 'வீடு எப்படி?' என்று கேட்டால் விற்பனைப் பேச்சு வரும். 'ஏதாவது பிரச்சினை இருக்கா?' என்றால் 'அப்படி ஒண்ணும் இல்ல' என்று வரும். பின்னால் பொய்யென்று நிரூபிக்கக்கூடிய குறுகிய கேள்வியைக் கேட்டால்தான் தரகர் யோசித்துப் பேசுவார், ஏனென்றால் அதே தெருவில் அவர் நாளையும் தொழில் செய்ய வேண்டும். தளத்துக்கு இல்லாத பயம் அது. உள்ளூர்த் தரகரின் உண்மையான பலமே இதுதான்.

எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி: 'இதுவரைக்கும் பார்த்தவர்கள் ஏன் வேண்டாம் என்று போனார்கள்?' வீடு காட்டிய காலத்தில் எனக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இதற்குப் பதில் தெரியும். படுக்கையறைக்குப் பின்னால் ஜெனரேட்டர், மேல்மாடிக் குளியலறையிலிருந்து கசிவு, பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார், இப்படி. கேட்டவர்களுக்குச் சொன்னேன். பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

அடுத்து, 'பத்திரத்தில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது, எல்லாரும் விற்கச் சம்மதமா?' அதன் பிறகு, 'கடைசியாக இங்கே குடியிருந்தவர் எவ்வளவு நாள் இருந்தார், ஏன் காலி செய்தார்?' வாடகைக்குப் போகிறவர்கள் இதை விடவே கூடாது. மழை, தண்ணீர், கழிவுநீர் பற்றிக் கேட்கும்போது காலத்தைச் சேர்த்துக் கேளுங்கள்: 'கடந்த மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது?' எல்லாக் கேள்விகளையும் நேரில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் 'நீங்கள் சொன்னது இப்படித்தானே?' என்று செய்தியாக அனுப்புங்கள். பதிலாக 'ஆமா' என்று வந்தால் அது ஒரு பதிவு. பதிலே வராவிட்டாலும் அது ஒரு தகவல்தான்.

தரகரைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, நீங்களே ஏற்கெனவே தளத்தில் பார்த்து வரலாறு தெரிந்துவைத்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றி அவரிடம் விசாரிப்பது. விலை இரண்டு முறை இறங்கியது என்று உங்கள் ஸ்கிரீன்ஷாட் சொல்கிறது. அவர் அதைத் தானாகச் சொல்கிறாரா பாருங்கள். சொன்னால் அவரோடு தொடருங்கள். 'நேத்துதான் வந்தது' என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு மூன்று தரகர்களிடம் ஒரே சமயத்தில் பேசுவதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே ஒருவர் காட்டிய வீட்டை இன்னொருவர் காட்ட அழைத்தால் 'இதைப் பார்த்துவிட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் இருவரும் கமிஷன் கேட்டு வந்து நிற்பார்கள்.

எந்த வரிசையில் செய்வது

முதல் இரண்டு மூன்று வாரம் யாருக்கும் போன் செய்யாமல் தளங்களை மட்டும் பாருங்கள். ஒரே வட்டாரம், ஒரே அளவு வீடு என்று குறுக்கிக்கொண்டு கேட்கும் விலைகளைக் குறித்து வையுங்கள். தளத்தில் 'தொடர்புகொள்ள' என்ற பொத்தானைச் சும்மா பார்ப்பதற்காகத் தட்டாதீர்கள். பல தளங்களில் அந்தப் பொத்தான் வீட்டை விற்கும் தரகரிடம் போவதில்லை, அந்த வட்டாரத்தின் வாடிக்கையாளர்களுக்காகப் பணம் கட்டியிருக்கும் வேறொரு தரகரிடம் போகும். அப்புறம் உங்கள் போன் ஓயாது.

விலை மனதில் பிடிபட்டதும் தரகரிடம் போங்கள். வீட்டைப் பகலில் ஒரு முறை அவரோடும், இரவில் ஒரு முறை அவர் இல்லாமலும் போய்ப் பாருங்கள். காவலாளியிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் இரண்டு நிமிடம் பேசினால் போதும், தளமும் தரகரும் சொல்லாத பாதி விஷயம் வந்துவிடும். தளம் ஒரு விலையும் தரகர் இன்னொரு விலையும் சொன்னால் எது சரி என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் ஏன் என்று தரகரிடமே கேளுங்கள். பழைய விலையா, கமிஷன் சேர்ந்ததா, கார் நிறுத்தும் இடம் தனியா என்று அதற்குள் ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

உரிமை, கடன், வழக்கு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் தளமும் தரகரும் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளவே கொள்ளாதீர்கள். அதற்குப் பதிவு அலுவலக ஆவணங்களும், நீங்களே கூலி கொடுத்து அமர்த்திய வழக்கறிஞரும்தான். தரகர் 'நம்ம வக்கீல்தான், பாத்துட்டார்' என்றால் புன்னகைத்துவிட்டு வேறொருவரிடம் கொண்டுபோங்கள். முன்பணம் கொடுக்கும் நாளில், பத்திரத்தில் இருக்கும் அதே பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பேரம் முறிந்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதிய ரசீது கைக்கு வந்த பிறகு அனுப்புங்கள்.